பழைய நகர மன்றக் கட்டடம்: மூன்று வழிகளும் ஒரு சாவிக்கொத்தும்

நகராட்சி அலுவலகம் புது இடத்துக்குப் போய்விட்டது. 1960-களில் கட்டிய பழைய நகர மன்றக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. கான்கிரீட் முகப்பில் மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்கள். மூலையில் பொரிந்து உதிர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கிறது. உள்ளே போனால் அகலமான படிக்கட்டு, மேலிருந்து வெளிச்சம் இறங்கும் மன்றக் கூடம், மரப்பலகை பதித்த சுவர்கள். இதை நூலகம், ஒத்திகைக் கூடம், சிறு அலுவலகங்கள், கூட்ட அறைகள் என்று எல்லோருக்கும் பொதுவான இடமாக்கலாமே என்று சிலர் கூடிப் பேசத் தொடங்குகிறார்கள்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்து நிற்கும். ஒன்று, நிதி திரட்டி, கட்டடத்தை மூடி, ஒரே மூச்சில் முழுதாகப் புதுப்பிப்பது. இரண்டு, முதலில் ஒழுகலை நிறுத்தி, பாதுகாப்பான பகுதியை உடனே திறந்து, மிச்சத்தைப் படிப்படியாகச் சரிசெய்வது. மூன்று, தனியார் நிறுவனம் ஒன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, அதற்கு ஈடாக ஒரு பகுதியைப் பொதுப் பயன்பாட்டுக்கு வாங்கிக்கொள்வது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது வழி. ஆனால் அது எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தாது. பொருந்துமா என்பதைக் கட்டடம்தான் சொல்ல வேண்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு, இடித்துவிடுவது. அதன் விலை என்ன என்று இரண்டு இடங்களைப் பார்த்தாலே தெரியும். ராஜ் ரேவால் வடிவமைத்து 1972-ல் முடிந்த டெல்லி ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சிக் கூடம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அமெரிக்காவின் கோஷன் ஊரில் பால் ருடால்ஃப் வடிவமைத்த ஆரஞ்சு மாவட்ட அரசு மையம் 2011 புயல்களுக்குப் பிறகு மூடப்பட்டது. 2015-ல் அதன் ஒரு பகுதியை இடித்து, மிச்சத்தோடு புதுக் கட்டடத்தை ஒட்டினார்கள். அந்தக் கட்டடத்தின் நுணுக்கமே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளுக்கு இடையே வெளிச்சம் வரும் விதம். பாதியை எடுத்தபின் மீதிப் பாதிக்கு அந்த அர்த்தம் இல்லாமல் போய்விட்டது. மாறாக, இங்கிலாந்தின் பிரஸ்டன் பேருந்து நிலையம் 1969-ல் திறந்தது. இடிக்கப்படும் என்ற நிலையிலிருந்து, 2013-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலிடப்பட்டு, 2018-ல் புதுப்பொலிவோடு மறுபடி திறந்தது. பேருந்துகள் இன்றும் அங்கேதான் வந்து நிற்கின்றன. கான்கிரீட்டையும் கம்பியையும் செய்யச் செலவான எரிபொருள் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இடித்தால் அதை இழப்பதோடு, புதிதாக இன்னொரு முறை செலவழிக்க வேண்டும். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

கட்டடம் என்ன சொல்கிறது

மூன்று வழிகளை ஒப்பிடும் முன் ஒரு வேலை இருக்கிறது. நவீனத்துவக் கட்டடத்தின் (இருபதாம் நூற்றாண்டில் அலங்காரத்தைக் குறைத்து, பெரும்பாலும் கான்கிரீட், எஃகு, கண்ணாடி கொண்டு கட்டியது) நோய்கள் பழைய செங்கல், சுண்ணாம்புக் கட்டடத்தின் நோய்களைப் போன்றவை அல்ல. சுண்ணாம்புச் சுவர் தன் நோயை வெளியே காட்டும். கான்கிரீட் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்து, ஒருநாள் திடீரென்று காட்டும்.

புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 12-க்கு மேல். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாக உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பிஎச் 9 அளவுக்கு இறங்கிவிட்டால் கம்பிக்குக் காவல் இல்லை. ஈரமும் காற்றும் சேர்ந்து துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

இந்த வாயு உள்ளே புகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதல் 25 ஆண்டில் 15 மில்லிமீட்டர் போயிருந்தால், 30 மில்லிமீட்டர் போக 100 ஆண்டு ஆகும். கம்பிக்கு மேல் கான்கிரீட் 30 மில்லிமீட்டர் இருந்தால் நூறாண்டுப் பாதுகாப்பு. சென்ட்ரிங் போட்டபோது கம்பி கொஞ்சம் நகர்ந்து 20 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் ஏறத்தாழ 44 ஆண்டிலேயே கம்பியை எட்டிவிடும். ஒரே முகப்பில் ஒரு தூண் கட்டுக்குலையாமல் இருக்க, பக்கத்துத் தூண் உதிர்வதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கான்கிரீட்டில் சின்னதாகக் கொத்தி, புதிதாக உடைந்த பரப்பில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன இடம் நிறம் மாறாமல் இருக்கும். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை மேலிருந்தே அளக்கும் கருவி உண்டு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பகுதி இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். உப்பின் அளவையும் பார்க்க வேண்டும். கான்கிரீட் சீக்கிரம் இறுகட்டும் என்று அந்தக் காலத்தில் கால்சியம் குளோரைடு கலப்பது வழக்கமாக இருந்தது. உப்பு கலந்த கான்கிரீட்டில் காரம் இருந்தாலும் கம்பி துருப்பிடிக்கும்.

இரண்டு பொருள்களை மட்டும் தனியாகத் தேட வேண்டும். ஒன்று, அலுமினா மிகுந்த சிமென்ட். 1970-களில் பிரிட்டனில் சில கூரைகள் இடிந்து விழுந்த பிறகு இதைப் பாரம் தாங்கும் பகுதிகளில் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள். இன்னொன்று, நுரை போலக் காற்றுக்குமிழிகள் நிறைந்த இலகுரகக் கான்கிரீட் பலகைகள். தட்டைக் கூரைகளில் இவற்றைப் பரவலாகப் போட்டார்கள். 2023-ல் இங்கிலாந்தில் பள்ளித் திறப்புக்குச் சில நாள் முன்பு நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூட வேண்டிவந்தது இந்தப் பலகைகளால்தான். இவை உங்கள் கூரையில் இருந்தால், படிப்படியாகத் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பகுதிக்கு முதல் வழிதான்.

அப்புறம் கூரை. தட்டைக் கூரை என்று சொன்னாலும் அதற்கு வாட்டம் வேண்டும். 80-க்கு 1 என்ற சரிவாவது இருந்தால்தான் தண்ணீர் ஓடும். பல கட்டடங்களில் வாட்டம் வரைபடத்தில் மட்டும் இருக்கும். தண்ணீர் தேங்கும், மேல்பூச்சு வெடிக்கும், உள்ளே ஓதம் ஏறும், ஓதம் கம்பிக்குப் போகும். முன்னே சொன்ன கோஷன் கட்டடத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கூரைப் பரப்புகள் இருந்தன. அத்தனை மட்டங்கள், அத்தனை மூட்டுகள், அத்தனை ஒழுகல் வாய்ப்புகள். கட்டடத்தைக் குறைசொல்பவர்கள் கான்கிரீட்டின் அழகின்மையைப் பேசுவார்கள். ஆனால் பெரும்பாலும் மனிதர்களை வெளியேற்றியது ஒழுகல்தான்.

முழுதாகப் புதுப்பிப்பது

நெதர்லாந்தின் ஹில்வெர்சம் நகர மன்றம் வில்லெம் டூடாக் வடிவமைத்தது, 1931-ல் முடிந்தது. நீளமான, மெல்லிய மஞ்சள் செங்கற்கள், உயர்ந்த கோபுரம், முன்னால் குளம். 1990-களின் முதற்பாதியில் அதைப் பெரிய அளவில் சீரமைத்தார்கள். இன்றும் அது நகர மன்றமாகவே இயங்குகிறது. முழுச் சீரமைப்பின் நல்ல பக்கம் இதில் தெரியும்: ஒரே கண்ணோட்டம், ஒரே கையின் வேலை, பல பத்தாண்டுகளுக்கு நிம்மதி.

நல்ல பக்கம் இன்னும் உண்டு. மின்வயரிங், குழாய்கள், தீயணைப்பு ஏற்பாடு, லிஃப்ட் எல்லாம் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் போக வேண்டியவை. ஒருமுறை திறந்து எல்லாவற்றையும் போட்டு மூடுவது, மூன்று முறை திறந்து மூடுவதைவிட மலிவு. கூரைப்பூச்சிலும் குழாய் உறையிலும் தரை ஓடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் நிறைய இருந்தால், ஆள் இல்லாத கட்டடத்தில் அதை அகற்றுவதுதான் சரி.

என்னை உறுத்துவது வேறு. முழுச் சீரமைப்புக்கு நிதி முழுவதும் கைக்கு வர வேண்டும். அது வரும்வரை கட்டடம் பூட்டியே கிடக்கும். பூட்டிய கட்டடத்தின் மழைநீர்க் குழாயில் இலை அடைத்தால் யாருக்கும் தெரியாது. உடைந்த கண்ணாடி உடைந்தபடியே இருக்கும். மூன்றாண்டு காத்திருப்பில் பழுது இரட்டிப்பாகி, மதிப்பீடும் ஏறி, திரட்டிய நிதி மறுபடி போதாமல் போகும். அதற்குள் ஆர்வத்தோடு வந்த நாடகக் குழுவும் வாசகர் வட்டமும் வேறு இடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டடம் பளபளப்பாகத் திறக்கும் நாளில் அதைப் பயன்படுத்த யார் இருக்கிறார்கள் என்று முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

எந்தக் காலத்துக்குத் திரும்புவது என்ற கேள்வியும் உண்டு. கட்டிய ஆண்டுக்கா? 1980-களில் சேர்த்த மாற்றங்களை என்ன செய்வது? டூடாக்கின் அதே ஹில்வெர்சமில் யான் டாய்கர் வடிவமைத்த சோன்னஸ்ட்ரால் மருத்துவ இல்லம் இருக்கிறது. அது பாழடைந்த நிலையிலிருந்து மீண்டது. அங்கே பழைய முறையில் செய்த, லேசாக அலையடிக்கும் கண்ணாடியைத் தேடிப் போனார்கள். ஏனென்றால் இன்றைய தட்டைக் கண்ணாடி போட்டால் அந்தக் கட்டடத்தின் பிரதிபலிப்பே மாறிவிடும். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் பொதுப்பயன்பாட்டுக்கான நகர மன்றத்தில் கண்ணாடிக்குப் போகும் பணமும் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் போகும் பணமும் ஒரே பையிலிருந்துதான் வருகின்றன.

குத்தகைக்கு விட்டு ஒரு பங்கு வாங்குவது

மூன்றாவது வழியை இரண்டாவதுக்கு முன் எடுத்துக்கொள்கிறேன், இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம்.

வடக்கு லண்டனின் ஹார்ன்சி நகர மன்றம் 1935-ல் திறந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த ரெஜினால்ட் யூரன் வடிவமைத்தார், ஹில்வெர்சமின் தாக்கம் கோபுரத்திலேயே தெரியும். 1965-ல் ஹார்ன்சி பெரிய நகராட்சிப் பகுதி ஒன்றோடு இணைந்தபின் கட்டடம் தன் முதல் வேலையை இழந்தது. மெதுவாகச் சிதைந்து, ஆபத்திலுள்ள மரபுக் கட்டடங்களின் பட்டியலில் ஏறியது. கடைசியில் தனியாருக்கு நீண்ட குத்தகை: பின்பக்க நிலத்தில் அடுக்குமாடி வீடுகள், பழைய அலுவலகப் பகுதியில் ஹோட்டல், பெரிய கூடத்தில் கலை மையம்.

பொதுப்பணம் அறவே இல்லாத இடத்தில் இது கட்டடத்தைக் காப்பாற்றும். அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. பொதுப் பயன்பாட்டுக்கான நேரம் மணிக்கணக்கில் எழுதியிருக்கிறதா? 'சமூகப் பயன்பாடு அனுமதிக்கப்படும்' என்ற வாக்கியத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. வார நாள் மாலைகளும் விடுமுறை நாள்களும் அதில் உண்டா? கூடத்தின் வாடகையை யார் நிர்ணயிக்கிறார்கள்? அப்புறம் முக்கியமானது: வீடு விற்ற லாபத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும் முன்பே பொதுப்பகுதியின் வேலை முடிய வேண்டுமா, பிறகு முடித்தால் போதுமா? வேலையின் வரிசை தலைகீழானால் பொதுப்பகுதி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

படிப்படியாகத் திறப்பது

பாரிஸின் பலே த டோக்கியோ 1937 கண்காட்சிக்காகக் கட்டியது. 2000-களின் தொடக்கத்தில் அதைச் சமகாலக் கலைக்கூடமாக்க லகாட்டோன், வாசால் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களை அழைத்தார்கள். நிதி குறைவு. அவர்கள் பூச்சு உரிந்த சுவரையும் வெறும் கான்கிரீட் தூண்களையும் அப்படியே விட்டு, கட்டமைப்பு பத்திரமாக இருக்கத் தேவையானதையும் வெளிச்சம், வெப்பம், வெளியேறும் வழிகளையும் மட்டும் செய்து 2002-ல் ஒரு பகுதியைத் திறந்தார்கள். பத்தாண்டு கழித்து 2012-ல் மிச்சப் பரப்பையும் சேர்த்தார்கள். இந்த இருவருக்கும் 2021-ல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

லண்டனின் பாட்டர்சீ கலை மையம் நவீனத்துவக் கட்டடம் இல்லை, 1893-ல் திறந்த பழைய நகர மன்றம்தான். ஆனாலும் இந்த வழிக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே கட்டட வல்லுநர்களும் நாடகக்காரர்களும் சேர்ந்து, ஓர் அறையில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பார்கள், நிகழ்ச்சி நடத்துவார்கள், சரிவந்தால் நிரந்தரமாக்குவார்கள். 2015-ல் பெரிய கூடத்தில் தீப்பிடித்துக் கூரை விழுந்தபோதும் மற்ற பகுதியில் நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. 2018-ல் கூடம் மறுபடி திறந்தது. கருகிய சுவரின் அடுக்குகளை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இந்த வழியில் வேலையின் வரிசைதான் எல்லாம். முதல் கட்டம் தண்ணீர்: கூரை, மழைநீர்க் குழாய்கள், ஜன்னல் மூட்டுகள். இரண்டாவது, உயிர்ப் பாதுகாப்பு: உதிரக்கூடிய கான்கிரீட்டைத் தட்டி எடுப்பது, தீ வெளியேற்ற வழிகள், மின்வயரிங். மூன்றாவது, தரைத்தளத்தைத் திறப்பது. அங்கே லிஃப்ட் இல்லாமலே எல்லோரும் வரலாம், கழிப்பறையும் கூட்ட அறையும் இருக்கும். மன்றக் கூடம் நான்காவது. மேல்தள அலுவலகங்கள் கடைசி.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை நடக்கும் கட்டடத்தில் ஆட்கள் இருந்தால் வேலை மெதுவாக நடக்கும். தூசியும் சத்தமும் இருக்கும். முதல் கட்டம் முடிந்ததும் 'இதுவே போதுமே' என்ற சோம்பல் வரும், கான்கிரீட் வைத்தியம் தள்ளிப்போகும். அந்த வைத்தியத்தில் ஒரு சிக்கலும் உண்டு. பொரிந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புது கலவையால் ஒட்டுப் போட்டால், சில ஆண்டுகளில் அந்த ஒட்டின் விளிம்பைச் சுற்றியே கம்பி புதிதாகத் துருப்பிடிக்கும். ஒட்டு போட்ட இடம் பாதுகாப்பாகிவிட, அரிப்பு பக்கத்துக்கு நகர்கிறது. பழுது பரவலாக இருந்தால் கம்பிக்கு மெல்லிய மின்னோட்டம் கொடுத்துக் காக்கும் முறை, காரத்தைத் திரும்ப ஊட்டும் முறை போன்றவற்றை நினைக்க வேண்டும். இவற்றைத் துண்டு துண்டாகச் செய்ய முடியாது. எனவே படிப்படி என்றாலும் முழுத் திட்டம் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். பாஸ்டன் நகர மன்றத்துக்கு, 1968-ல் முடிந்த அந்தப் பிரமாண்டமான கான்கிரீட் கட்டடத்துக்கு, 2017-ல் கெட்டி அறக்கட்டளை நல்கை கொடுத்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எதை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆராய்ந்து பராமரிப்புத் திட்டம் எழுதவே அந்தப் பணம். உங்கள் கட்டடம் அவ்வளவு புகழ்பெற்றது இல்லையென்றாலும் அப்படியொரு திட்டம் வேண்டும், இருபது பக்கமாவது.

யார் யாரோடு பகிர்வது

பகிர்ந்து பயன்படுத்துவது நவீனத்துவ நகர மன்றங்களுக்குப் புதிதில்லை. பின்லாந்தின் சாய்னாட்சாலோ தீவில் அல்வார் ஆல்டோ 1952-ல் முடித்த சிறிய நகர மன்றத்தில் மன்றக் கூடத்தோடு நூலகம், வீடுகள், கீழ்த்தளத்தில் கடைகள் எல்லாம் இருந்தன. நகராட்சி வளர்ந்தால் கடைகளை அலுவலகமாக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1993-ல் அந்த நகராட்சியே பெரிய நகரம் ஒன்றோடு இணைந்தது. கட்டடம் தப்பியது. பிற்காலத்தில் அதன் வீடுகளில் பார்வையாளர்கள் வந்து தங்கினார்கள். ஒரே வேலைக்காகத் தைத்த சட்டையாக அது இல்லாததால் வேலை மாறியபோதும் கிழியவில்லை.

பகிர்வில் முதல் சண்டை சத்தத்தால் வரும். அலுவலக அறைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தடுப்புகள் பல கட்டடங்களில் தொங்குகூரையோடு நின்றுவிடும், மேலே தளம்வரை போகாது. ஒரு அறையின் இசை ஒத்திகை மேல்வழியாக மூன்று அறைகளுக்குப் போகும். சத்தமான வேலைகளைக் கட்டடத்தின் ஒரு கையில் சேர்த்துவைப்பது, தடுப்பைத் தளம்வரை ஏற்றுவது, இவை இரண்டும் விலையுயர்ந்த ஒலித்தடுப்பைவிட அதிகம் உதவும். இரண்டாவது சண்டை மன்றக் கூடத்தின் நிலையான இருக்கைகளால். சிலர் எல்லாவற்றையும் பெயர்த்துத் தட்டையான தரை கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த வட்ட அமைப்பும் மரமும்தான் அந்த அறையின் உயிர். விவாதம், வாசிப்பு, சிறு கச்சேரி, திரையிடல் எல்லாம் அதில் நன்றாகவே நடக்கும். முன்வரிசையில் சில இருக்கைகளை மட்டும் எடுத்துச் சக்கர நாற்காலிக்கு இடம் விடுவது போதும். தட்டைத் தரை வேண்டிய வேலைகளுக்குப் பெரிய அலுவலகத் தளங்கள் இருக்கின்றனவே.

மூன்றாவது சண்டைதான் பெரியது: சாவிக்கொத்து யாரிடம்? நகராட்சியிடமே இருந்தால் மாலை ஆறு மணிக்குக் கட்டடம் மூடும். ஒரே அமைப்பிடம் இருந்தால் மற்றவர்கள் விருந்தாளிகள் ஆவார்கள். பயன்படுத்துபவர்கள் எல்லோரும் உறுப்பினராக இருக்கும் ஓர் அறக்கட்டளையிடம் நீண்ட குத்தகைக்குக் கொடுப்பதே நான் ஆதரிக்கும் வழி. குத்தகைக் காலம் குறுகியதாக இருந்தால் நல்கை தருபவர்கள் தயங்குவார்கள், பணம் போட்டபின் கட்டடம் யாருக்குப் போகுமோ என்று. இன்னொரு நிபந்தனையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கூரையும் கட்டமைப்பும் நகராட்சியின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். முழுப் பழுதுப் பொறுப்பையும் சேர்த்து, அடையாள வாடகைக்குத் தருகிறோம் என்றால் அது பரிசு மாதிரித் தோன்றும். கான்கிரீட் முகப்பின் பழுது எந்தத் தன்னார்வ அமைப்பின் சேமிப்பையும் ஒரே ஆண்டில் விழுங்கிவிடும்.

ஜன்னல்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய எஃகுச் சட்டங்களைக் கழற்றிப் போட்டுத் தடித்த பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் கட்டடத்தின் முகமே வீங்கிவிடும். முதலில் கூரைக்கு வெப்பத்தடுப்பு போடுங்கள், சட்டங்களைச் சுரண்டித் துரு எடுத்து மூட்டுகளை அடைத்துவிடுங்கள், தேவைப்படும் அறைகளில் மட்டும் உட்பக்கம் இரண்டாவது கண்ணாடி வையுங்கள். மிச்சத்தைப் பத்தாண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதல் கூட்டத்துக்கு முன் அனுமதி வாங்கி, பொறுப்பான ஒருவரோடு, மழை விட்ட மறுநாள் கூரை மேல் ஏறிப் பாருங்கள். தண்ணீர் எங்கெல்லாம் தேங்கியிருக்கிறது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று படம் எடுத்து, கூரை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி, அதே இடங்களுக்கு நேர் கீழே எந்த அறை வருகிறது என்று எழுதுங்கள். கான்கிரீட் பரிசோதனையை எங்கே தொடங்குவது, எந்த அறையை முதலில் திறக்கலாம் என்ற இரண்டு கேள்விகளோடும் அந்தத் தாளைத்தான் கூட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.